டொக்கரில் படகுப் பதிவு: கொப்பியை மூடலாமா?

2025 மார்ச் 15, வாசகர் கேள்வி

அண்ணா, திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். திமிங்கிலம் பார்க்கவும் புறாமலைத் தீவுக்கும் ஆட்களைப் படகில் அனுப்புவோம். பதிவு எல்லாம் கொப்பியிலும் வட்ஸ்அப்பிலும்தான். ஒரே படகுக்கு ரெண்டு குடும்பம் வந்து நின்றது மூன்று தடவை நடந்துவிட்டது. இணையத்தில் ஒரு பதிவுச் சேவை பார்த்தேன், மாதாமாதம் டொலரில் கட்டணம். டொக்கர் என்று மென்பொருளைப் பொதியாக ஓட்டும் ஒன்று இருக்கிறதாம், அதில் போட்டால் பத்து நிமிடத்தில் சொந்தமாகவே ஓட்டலாம் என்று தம்பி சொல்கிறான். உண்மையா?

மார்ச் 15, இரவு

பத்து நிமிடம் உண்மைதான். அதற்குப் பிறகு வருவதைத் தம்பி சொல்லவில்லை போல.

என் மச்சானுக்கு நிலாவெளியில் ரெண்டு படகு. ஜனவரியில் இருந்து நான் அவருக்கு இதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டொலர் கதை எங்களுக்கும் அதேதான். 2022-இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியபோது மாதக் கட்டணம் எல்லாவற்றையும் வெட்டினோம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட மனம் வரவில்லை. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இப்போது கண் சொருகுது.

மார்ச் 16

முதலில் எந்த மென்பொருள் என்பது. கால்.கொம் என்ற பதிவுச் செயலி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை நம் முகவரிக்கு ஏற்றபடி கட்டியெடுக்க நல்ல நினைவகம் வேண்டும். என்னிடம் இருந்தது திரை உடைந்த ஒரு பழைய மடிக்கணினி, 4 ஜிபி. கட்டும்போதே மூச்சு முட்டி நின்றுவிட்டது. ஆகவே ஈஸி அப்பொயின்ட்மென்ட்ஸ் என்ற இன்னொரு பதிவுச் செயலி. பிஎச்பி மொழியில் எழுதியது, பின்னால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். அந்த மடிக்கணினிக்கு அதுவே தாராளம். சேவை, சேவை தருபவர், வாடிக்கையாளர் என்று மூன்றே விஷயம். மச்சானின் படகுகள்தான் 'சேவை தருபவர்'. 'படகு 1', 'படகு 2' என்று பெயர் போட்டேன். ஒரு பயணத்தில் எத்தனை பேர் என்றும் கொடுக்கலாம்.

டொக்கர் ஒவ்வொரு மென்பொருளையும் கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும். கொன்டெய்னர் என்றால் என்ன என்று மச்சான் கேட்டார். "துறைமுகத்துக்கு வருமே, அதுவா?" நம்ம துறைமுகத்துக்குக் கோதுமையும் சீமெந்தும் எண்ணெயும்தானே வருது, கொன்டெய்னரை எங்கே கண்டார் என்று தெரியாது. அவருக்கு நான் சொன்ன விளக்கம் இது: கொன்டெய்னர் கப்பல் மாதிரி, வரும், போகும், உடைத்துவிட்டு வேறு கொண்டுவரலாம். தரவு இருக்கிற வொல்யூம் சீனக்குடா எண்ணெய்க் குதம் மாதிரி. கப்பல் போனாலும் அது தரையிலேயே நிற்கும். தலையாட்டினார். விளங்கியதா, தேத்தண்ணி வந்ததற்காக ஆட்டினாரா, தெரியவில்லை.

மார்ச் 17

எந்தக் கொன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று டொக்கருக்கு எழுதி வைப்பதுதான் கொம்போஸ் கோப்பு. அதில் ரெண்டு சேவைகள். ஒன்று செயலி, மற்றது தரவுத்தளம். செயலிக்குத் தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல், பிறகு 'பேஸ் யூஆர்எல்', அதாவது செயலியின் இணைய முகவரி. கடைசியில் சொன்னதுதான் வில்லங்கம். நான் அதில் 'எச்டிடிபி லோக்கல்ஹோஸ்ட்', அதாவது 'இந்தக் கணினியே', என்று விட்டுவிட்டேன். என் கணினியில் எல்லாம் சரி. மச்சான் போனில் திறந்தால் நிறம் இல்லை, பொத்தான் இல்லை, வெறும் எழுத்து. வெளியில் இருந்து ஆள் எந்த முகவரியில் வருகிறாரோ அதையே, 'எச்டிடிபிஎஸ்' சேர்த்து, அப்படியே போட வேண்டும்.

மைஎஸ்கியூஎல் பதிப்பை எண்ணால் எழுதுங்கள், நான் போட்டது 8.0. 'லேட்டஸ்ட்' என்று விட்டால் ஒரு நாள் புதிய பதிப்பு இறங்கித் தரவை மாற்றிவிடும். பிறகு பழைய பதிப்புக்குத் திரும்பிப் போக ஏலாது.

வீட்டில் இருந்து ஓட்டினால் இன்னொன்றும் இருக்கிறது. ரவுட்டருக்குள் போய், வெளிமுகவரி என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அது உங்களுக்கென்று தந்த முகவரி இல்லை, பல வீடுகள் பங்குபோடும் முகவரி. வெளியாட்கள் உள்ளே வர ரவுட்டரில் வழி விட்டு, அதாவது போர்ட் திறந்து, பிரயோசனம் இல்லை. நான் ரெண்டு இரவு போர்ட் திறந்து திறந்து பார்த்தேன், பிறகுதான் இந்த எண்ணைக் கவனித்தேன். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டனல் போட்டேன். அதையும் ஒரு கொன்டெய்னராகவே ஓட்டலாம். உள்ளிருந்து வெளியே இணைப்பை அதுவே பிடித்துக்கொள்ளும், வெளியில் இருந்து எதையும் திறக்கத் தேவையில்லை. 'எச்டிடிபிஎஸ்' சான்றிதழ் தலையிடியும் அதோடு போய்விடும்.

மார்ச் 23

தங்கச்சி கேட்டிருந்தீர்கள், லொக்கில் (நடப்பதை எல்லாம் குறித்துவைக்கும் கோப்பில்) நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது என்று. கொன்டெய்னருக்கு யாரும் சொல்லாவிட்டால் அது உலகப் பொது நேரமான யூடிசியில்தான் வாழும். நேர வலயத்தைச் சொல்லும் 'டிஇசட்' மாறிக்கு 'ஏசியா/கொழும்பு' என்று கொடுங்கள், சரியாகிவிடும்.

'கூட்டல் 5:30' என்று கையால் எழுதாமல் ஊர்ப் பெயரைக் கொடுங்கள். நம் நாட்டு நேரத்தை நம்ப முடியாது. 1996-இல் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள், அதே வருடம் அரை மணி திரும்ப இழுத்தார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி 5:30-க்கு வந்தோம். 'புது நேரமா பழைய நேரமா' என்று கேட்காமல் அந்தப் பத்து வருடமும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. ஊர்ப் பெயருக்குள் அந்த வரலாறு எல்லாம் அடங்கியிருக்கிறது. படகுப் பதிவுக்கு 1996 எதற்கு என்று கேட்காதீர்கள், ஞாபகம் வந்தது, எழுதினேன்.

ஏப்ரல் 2

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்கள் தம்பியும் இதைச் செய்வான், ஆகவே எழுதுகிறேன்.

பெப்ரவரியில் ஏதோ ஒரு அமைப்பு மாறவில்லை என்று எல்லாவற்றையும் இறக்கி ஏற்றலாம் என்று நினைத்தேன். இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டினேன். 'கொம்போஸ் டவுன்', அதன் வாலில் ஒரு கோடும் 'வி' என்ற எழுத்தும். அந்த 'வி' என்றால் வொல்யூமையும் சேர்த்து அழி என்று அர்த்தம். கப்பலை அனுப்பச் சொல்லிவிட்டு எண்ணெய்க் குதத்துக்கு நெருப்பு வைத்தது போல. திரும்ப ஏற்றினால் 'வரவேற்கிறோம், முதலில் நிறுவுங்கள்' என்ற பக்கம் சிரித்துக்கொண்டு நிற்கிறது. பதினொரு பதிவு போச்சு.

காப்பாற்றியது மின்னஞ்சல். ஒவ்வொரு பதிவுக்கும் மச்சானுக்கு ஒரு மடல் போகும்படி வைத்திருந்தேன். அவர் அதில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, நல்லவேளை அழிக்கவும் இல்லை. அவர் போனை வாங்கி, பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றினேன். "என்ன என்ர போனை இவ்வளவு நேரம் பார்க்கிறாய்?" "அப்டேட் போடுறன் மச்சான்." இன்று வரை அவருக்குத் தெரியாது. அவர் இதை வாசிக்க மாட்டார்.

ஏப்ரல் 13

நேற்றுப் போயா (பௌர்ணமி விடுமுறை), நாளை வருடப்பிறப்பு. இடையில் ஞாயிறு. நிலாவெளிக் கரையில் கால் வைக்க இடமில்லை. செயலிக்கு இது எல்லாம் சாதாரண நாள். போயாவை விடுமுறையாக ஏற்றுங்கள் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். மச்சாளின் பியூட்டி பாலருக்கு அது சரி. படகுக்கு நேர்மாறு, போயாவில்தான் கண்டி, கொழும்புப் பக்கத்து ஆட்கள் வந்து குவிவார்கள். அன்றைக்கு முதல் பயணத்தை முன்னுக்குப் போட்டு, நேர இடைவெளியைக் குறைத்து, தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கிறது. வெசாக் போயா மே 12, பொசன் போயா ஜூன் 10. இப்போதே போட்டு வையுங்கள்.

மே 4

விடிய 5 மணிக்கு மச்சான் கோல். "ஆள் வந்து நிக்குது, போனில ஒண்டும் காட்டுதில்ல."

இரவு கரண்ட் போயிருக்கிறது. மடிக்கணினி என்பதால் பற்றரியே யூபிஎஸ் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்தப் பற்றரிக்கு வயது எட்டு, இருபது நிமிடம்தான் தாங்கும். சரி, கரண்ட் வந்ததும் எழும்பியிருக்க வேண்டும். மடிக்கணினி எழும்பியது, டொக்கர் எழும்பியது, செயலி எழும்பியது. தரவுத்தளம் எழும்பவில்லை.

செயலி முந்திக்கொண்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொம்போஸ் கோப்பில் 'டிபெண்ட்ஸ் ஒன்' போட்டு, தரவுத்தளம் நலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செயலி தொடங்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். நீங்களும் போடுங்கள்.

மே 5

நேற்று எழுதியது பிழை. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

முதலாவது, அந்த வரிசை நாம் கையால் ஏற்றும்போதுதான் செல்லும். கரண்ட் வந்து டொக்கர் தானாக எல்லாவற்றையும் எழுப்பும்போது அதைப் பார்க்காது. இரண்டாவது, பிஎச்பி ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் தரவுத்தளத்தைப் புதிதாகத் தேடும். முந்தினாலும் பிந்தினாலும் ஒன்றுமில்லை.

உண்மையான காரணம் நான் எழுதிய காப்புப்பிரதி நிரல். இரவு 2 மணிக்குத் தரவுத்தளக் கொன்டெய்னரை நிறுத்தும், கோப்புகளைப் பிரதி எடுக்கும், திரும்பத் தொடங்கும். கரண்ட் போய்ப் பற்றரி செத்தது சரியாக அந்த நடுவில். மீள்தொடக்க விதி 'அன்லெஸ் ஸ்டொப்ட்' என்று வைத்திருந்தேன். வேண்டுமென்று நிறுத்தியதை அது திரும்ப எழுப்பாது. நிரல் நிறுத்தியதா மனிதன் நிறுத்தினானா என்று அதற்கு என்ன தெரியும். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது, பாவம்.

இப்போது விதியை 'ஓல்வேய்ஸ்' என்று மாற்றிவிட்டேன். நிறுத்திப் பிரதி எடுக்கிற பழக்கத்தையும் விட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே 'மைஎஸ்கியூஎல் டம்ப்', அதாவது தரவு முழுவதையும் ஒரு கோப்பாக, எடுத்துச் சுருக்கி வைக்கிறேன்.

மே 6

மடிக்கணினியை மூடி வைத்தால் தூங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். லினக்ஸின் 'லொகின்ட்' அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில் லிட் சுவிட்ச்' என்று ஒரு வரி இருக்கும், அதற்கு 'இக்னோர்' கொடுங்கள். ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் செத்தால் சேர்வர் உயிரோடு இருந்து என்ன.

மே 26

டம்ப் எடுக்கத் தொடங்கி இன்றைக்கு மூன்று கிழமை. ஏதோ மனம் கேட்காமல் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தேன். 20 பைட். அதற்கு முந்தைய நாள் 20 பைட். இருபத்தியொரு கோப்பு, எல்லாம் 20 பைட்.

ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் 20 பைட் வரும் என்று இன்றைக்குத்தான் படித்தேன். நான் கையால் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக வேலை செய்த கட்டளை அது. அதில் 'ஐடி' என்று ரெண்டு எழுத்துக் கொடி இருந்தது, முன்னால் ஒரு திரையும் ஆளும் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். நடு இரவில் கிரொன் (குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாகத் தொடங்குவது) ஓட்டும்போது திரையும் இல்லை, ஆளும் இல்லை. 'உள்ளீட்டுச் சாதனம் டிடிவை இல்லை', அதாவது முன்னால் திரை இல்லை, என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. அந்தப் பிழைச் செய்தி யாரும் திறக்காத ஒரு கோப்பில் ஒவ்வொரு இரவும் பதிவாகியிருக்கிறது. மச்சானைச் சொல்லிச் சிரித்தேன், நான் மட்டும் என்ன திறந்தேனா?

அந்த எழுத்துகளை எடுத்துவிட்டால் போதும். இப்போது ஞாயிறு தோறும் ஒரு பிரதியை வேறொரு கொன்டெய்னரில் ஏற்றி, கடைசிப் பதிவு கண்ணில் தெரிகிறதா என்று பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. உங்கள் கோப்பின் அளவை இப்போதே போய்ப் பாருங்கள் தங்கச்சி.

மே 26, அரை மணி கழித்து

"4 கேபி இருக்கு அண்ணா, நல்லதா?" நல்லதில்லை. வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்ப்போம்.

ஜூன் 14

மார்ச் 23-இல் 'சரியாகிவிடும்' என்று எழுதியவன் யார்?

மூன்று பேருக்கு நேரம் தெரிய வேண்டும். சேர்வருக்கு 'டிஇசட்' மாறி. படகுக்கு, அதாவது சேவை தருபவரின் கணக்குக்குள், தனியாக ஒரு நேர வலயம். இந்த ரெண்டும் நான் போட்டிருந்தேன். மூன்றாவது ஆள் பதிவு செய்கிறவர். அவருடைய உலாவி எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அந்த நேரத்தில்தான் பக்கம் காட்டும்.

ஜேர்மனியில் இருந்து ஒரு பெண் மடல் போட்டிருந்தார். 'நீங்கள் உண்மையாகவே நள்ளிரவு 2:30-க்குத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிறீர்களா?' நம்ம காலை 6 மணிப் பயணம் கோடையில் அங்கே 2:30. அவர் கேட்டார், நல்லது. இன்னொரு குடும்பம் கேட்கவில்லை. காலை 8:30 என்று கண்டதைத் தெரிந்தெடுத்துவிட்டு, இங்கே வந்து இறங்கி, 8:30-க்குத் தொப்பியும் துவாயுமாகக் கரையில் நின்றார்கள். அவர்கள் பதிந்தது நம் நேரத்துக்கு மத்தியானம் 12. அந்த வேளைக்குக் காற்று எழும்பிவிடும், அவர்கள் வந்து நின்றபோது மச்சான் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கெஞ்சி, இளநி வாங்கிக் கொடுத்து, பத்தரைக்குப் பக்கத்துப் படகில் அனுப்பினோம்.

செயலியின் கணக்கில் பிழை இல்லை, அதுதான் எரிச்சல். பல் வைத்தியருடன் காணொளியில் கதைக்க நேரம் எடுப்பவருக்கு அவர் ஊர் நேரம் சரி. கடலுக்குப் போகிறவருக்குக் கடல் இருக்கிற ஊரின் நேரம்தான் வேண்டும். இப்போது பயணத்தின் பெயரிலேயே எழுதிவிட்டேன்: 'சூரியன் உதித்ததும் புறப்படும், இலங்கை நேரம் 6:00'. விளக்கத்தில் இன்னொரு வரி, புறாமலை தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு படகுக் காசில் அடங்காது. இந்தக் கேள்வி நாளுக்கு நாலு தடவை வந்தது, இப்போது ரெண்டாகக் குறைந்திருக்கிறது.

ஜூலை 6

மச்சாள் உவர்மலையில் பியூட்டி பாலர் வைத்திருக்கிறார். "படகுக்காரருக்கு மட்டுமா?" என்று கேட்டார். அதே மடிக்கணினியில் இன்னொரு ஜோடிக் கொன்டெய்னர். வேறு பெயர், வேறு வொல்யூம், பத்து நிமிடம். தம்பி சொன்ன பத்து நிமிடம் இங்கேதான் உண்மையானது.

தமிழில் வேண்டும் என்றார். மொழிக் கோப்பைப் பிரதி எடுத்து நானே எழுதினேன். 'அப்பொயின்ட்மென்ட்' என்பதற்கு 'நேரப்பதிவு' என்று போட்டேன், பரவாயில்லை. 'புரொவைடர்' என்பதற்கு 'வழங்குநர்' என்று போட்டதும் மச்சாள் "நான் என்ன கூப்பன் கடையா?" என்றார். 'யாரிடம்?' என்று மாற்றினேன். அதுதான் கடைசியில் எல்லாருக்கும் விளங்கியது.

அப்புறம் ராகுகாலம். செவ்வாய் 3 முதல் 4:30 வரை மணப்பெண் அலங்காரம் பேச எங்கட ஆட்கள் ஒருவரும் வருவதில்லை. நான் கெட்டிக்காரத்தனமாக ஏழு நாளுக்கும் ராகுகாலத்தை இடைவேளையாகப் பூட்டினேன். திங்கள் 7:30, சனி 9, வெள்ளி 10:30 என்று ஒன்றும் விடவில்லை. மச்சாள் திட்டின திட்டு. கிண்ணியாவில் இருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகளுக்குச் செவ்வாய் பின்நேரம்தான் வசதியாம், அந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் பாலர் ஆறுதலாக இருக்குமாம். பூட்டைத் திறந்தேன். இது அவருடைய கொப்பியில் எழுதியிருக்கவில்லை, அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17

ரெண்டு சின்ன விஷயம். டொக்கர் லொக்கை அதன்பாட்டில் விட்டால் வளர்ந்துகொண்டே போகும், வட்டு நிரம்பும். கோப்புக்கு 10 எம்பி, மூன்று கோப்பு என்று எல்லை போடுங்கள். எனக்கு நிரம்பியபோது தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றது, பதிவு செய்கிறவருக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மற்றது உப்புக்காற்று. முதலில் மடிக்கணினியை மச்சானின் கரையோரக் கொட்டிலில்தான் வைத்தேன். ஆறாவது கிழமையில் விசிறி கத்தத் தொடங்கியது, திறந்தால் உள்ளே பச்சைப் பூப்பு. அதன் பிறகுதான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கெஸ்ட் ஹவுஸ் கடலைப் பார்த்து இருந்தால் பின் அறையில் வையுங்கள்.

கொப்பிதான் பாதுகாப்பு என்று இங்கே யாரோ எழுதியிருந்தார்கள். மச்சாளின் நேரக் கொப்பியைப் போன வருடம் வாசலில் நின்ற மான் ரெண்டு பக்கம் தின்றது. திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற மான் எல்லாம் இப்போது தெருவில்தான் நிற்குது.

செப்டெம்பர் 21

சீசன் முடியப்போகிறது. ஒரே படகுக்கு ரெண்டு குடும்பம் வந்து நின்றது இந்த வருடம் ஒரு தடவைதான், அதுவும் அந்த ஜேர்மன் நேரக் கதை.

கொப்பியை மூடலாமா என்ற முதல் கேள்விக்கு: மச்சான் மூடவில்லை. ஒவ்வொரு இரவும் மறுநாள் பதிவுகளைப் போனில் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார். ஏன் என்று கேட்டேன். "போன் தண்ணிக்குள்ள விழும்." விழுந்தும் இருக்கிறது, ஜூலையில். முதலில் எனக்குக் கோபம் வந்தது, இவ்வளவு பாடுபட்டதற்கு இதுதானா என்று. பிறகு எண்ணிப் பார்த்தால் பதிவுக்கு மூன்று பிரதி: மடிக்கணினியில் ஒன்று, வெளியில் ஒன்று, கடதாசியில் ஒன்று. கடதாசிப் பிரதி ஒரு நாளும் 20 பைட்டாக இருந்ததில்லை.

நவம்பர் 9

முடிந்தது என்று நினைத்தேன், இல்லை.

ஒக்டோபரில் படகை மேலே இழுத்து ஓலையால் மூடினோம். வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) தொடங்கினால் இந்தப் பக்கத்துக் கடலுக்குப் போக ஏலாது. சேர்வரையும் மூடுவோம் என்று கொம்போஸில் 'ஸ்டொப்' கொடுத்தேன். ஜாக்கிரதையாக, அந்த 'வி' எழுத்தைத் தொடவே இல்லை.

போன கிழமை மழைக்குக் கரண்ட் போய் வந்தது. மே மாதம் நான் போட்ட விதி 'ஓல்வேய்ஸ்'. நிறுத்தியிருந்தாலும் டொக்கர் எழும்பும்போது அதுவும் எழும்பும். செயலி, தரவுத்தளம், டனல் மூன்றும் எழும்பிவிட்டன. பிரான்ஸில் இருந்து ஒருவர் நவம்பர் 14 காலை 6 மணிக்குத் திமிங்கிலம் பார்க்க நாலு பேருக்குப் பதிவு செய்திருக்கிறார். மச்சானுக்கு மடல் போயிருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார்.

சேர்வரை நிறுத்துவது கடையைப் பூட்டுவது இல்லை. இப்போது அதை ஓடவிட்டு, வேலை நாட்கள் பக்கத்துக்குப் போய் ரெண்டு படகுக்கும் ஏப்ரல் வரை மூடிவிட்டேன். பிரான்ஸ்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். திருகோணமலைக்கு வருவது வருகிறதுதானாம். ஏழு வெந்நீர்க் கிணறும் இருக்கிறது, கன்னியாவுக்குப் போங்கள் என்று சொன்னேன். அதற்கு முன்பதிவு வேண்டுமா என்று கேட்கிறார்.